கடைசிச் சொல் யாருடையது?

பேகம்பேட், திங்கள்

பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் அடுக்க வேண்டுமென்றால், நிரல் எழுதுபவர் முழுப்பெயரை இடைவெளி விழும் இடங்களில் வெட்டுகிறார். பைத்தான் மொழியில் அதற்கு ‘ஸ்பிளிட்’ போதும். கடைசித் துண்டை முன்னால் வைத்துக் காற்புள்ளி போட்டு, மீதியை ‘ஜாயின்’ கொண்டு ஒட்டினால் வேலை முடிந்தது. சச்சின் டெண்டுல்கர் ‘டெண்டுல்கர், சச்சின்’ ஆவதில் பிழையில்லை. தெலுங்குப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே சம்பளப் பட்டியலில் வரும் இந்த ஊரில்தான் விதி தடுமாறுகிறது. பாமுலபர்த்தி வெங்கட நரசிம்ம ராவுக்கு வீட்டுப்பெயர் பாமுலபர்த்தி. அது முதலிலேயே நிற்கிறது. கடைசியில் வரும் ‘ராவ்’ எத்தனையோ குடும்பங்களுக்குப் பொது. மான்கொம்பு சாம்பசிவன் சுவாமிநாதனில் முதல் சொல் ஊர், அடுத்தது தந்தை, மூன்றாவதுதான் அவர். பக்கத்துச் செகந்திராபாத்தில் படித்த மிதாலி துரை ராஜுக்கோ தந்தை பெயரே துரை ராஜ். அதை இரண்டாகப் பிளந்து, ஒன்றை நடுப்பெயர் என்றும் மற்றதைக் குடும்பப்பெயர் என்றும் நிரல் பதிந்துவிடும். ‘எம்.எஸ்.’ என்று ஒட்டி எழுதினால் ஒரு துண்டு, இடம் விட்டால் இரண்டு. இடைவெளி எங்கே என்பது மட்டுமே நிரலுக்குத் தெரியும். எந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்ற செய்தி அந்த எழுத்துச் சரத்துக்குள் இல்லவே இல்லை.

செவ்வாய்

உலகமே பெயருக்கு ஒன்று, குடும்பப்பெயருக்கு ஒன்று என்று இரண்டு கட்டங்களைக் கேட்கிறதே என்பார்கள். உண்மைதான். பாஸ்போர்ட்டில் இயந்திரம் படிக்கும் முதல் வரியில் 44 இடங்கள். ஆவண வகைக்கும் நாட்டுக்கும் 5 போக, மிச்சம் 39-இல் குடும்பப்பெயர் முன்னும் மற்றது பின்னும் வர வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே கொண்ட பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்க மறுத்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டங்களை நிரப்புபவர் பெயருக்கு உரியவர். கட்டம் இருக்கிறது என்பதற்காக நிரல் ஊகித்து நிரப்பினால், டிக்கெட்டில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் இன்னொன்றும் நிற்கும்.

லட்சக்கணக்கான பழைய பதிவுகளுக்கு யாரைப் போய்க் கேட்பது என்பது அடுத்த மறுப்பு. அங்கே வெட்டலாம், வரிசைப்படுத்த மட்டும். பைத்தானில் ஒரு சரத்தை உருவாக்கிய பின் மாற்ற முடியாது; ‘ஸ்பிளிட்’ புதிதாக ஒரு பட்டியலைத்தான் தருகிறது, மூலத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. மூலத்தைத் தூக்கியெறிவது நிரலாளரின் முடிவு. ஓர் அலுவலகம் பெயர்களைத் திருப்பிப் போட்டிருக்க, இன்னொன்று அப்படியே வைத்திருந்தால், இரண்டும் கலந்த பட்டியலில் முன்னிற்கும் சொல் இயல்பாக அங்கே நின்றதா, நிரல் கொண்டுவந்து நிறுத்தியதா என்று பிரித்தறிய வழியில்லை. எனவே முழுப்பெயருக்கு, எழுதியவர் எழுதியபடியே, ஒரு கட்டம். எந்தச் சொல்லால் தம்மை வரிசைப்படுத்தலாம் என்று அவரே சொல்ல இன்னொன்று. இதற்கு ஆகும் செலவு தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசை கூடுதல், அவ்வளவுதான்.