எத்தனை இழை?

அண்ணன் மகள் பரனூர் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவள் கணினித் திரை கூடத்துக்கே பொதுச்சொத்து. அன்று அதில் ஒரு நெட்வொர்க் படம். பெட்டி பெட்டியாக சர்வர்கள், நடுவே சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், ரிடையரான ஸ்டேஷன் மாஸ்டர், அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கம்மா தகராறு? இவ்வளவு சிவப்பு ஓடுதே?"

"தகராறெல்லாம் இல்ல மாமா. அது சும்மா கலர்."

ரயில்வேயில் தலை நரைத்தவர்களிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. அவர் முன்னால் காலமெல்லாம் இருந்த பேனலில் ஸ்டேஷனின் தண்டவாளங்கள் கோடாக வரையப்பட்டிருக்கும். ஒரு துண்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரிவதற்காக, ஒட்டியிருக்கும் துண்டுகளுக்கு வேறு வேறு வர்ணம். வண்டிக்கு வழி போட்டால் அந்தக் கோட்டில் வெள்ளை விளக்குகள் வரிசையாக எரியும். வண்டி ஏறினால் சிவப்பு. பெயின்ட் இடத்தைச் சொல்லும், விளக்கு நிலவரத்தைச் சொல்லும். ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது. என் அண்ணன் மகளின் படத்தில் சிவப்பு எந்த வேலையும் பார்க்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது.

சென்னை மெட்ரோ படத்தில் நிறம் என்பது வெறும் பெயர். நீலத்தில் ஏறினால் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை எழுந்திருக்க வேண்டாம். பச்சைக்கு மாறுவதென்றால் சென்ட்ரலில் அல்லது ஆலந்தூரில். இரண்டாம் கட்டத்தில் மாதவரம் - சோழிங்கநல்லூர் பாதைக்குச் சிவப்பு என்றதும் நம்மவர், "சிவப்புல எவன்யா ஏறுவான்?" என்றார். எந்த நிறமும் எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோயில் வரை வராது என்பதால் எனக்கு இந்த வழக்கில் தனிப்பட்ட அக்கறை இல்லை. நமக்கு செங்கல்பட்டு லோக்கல்தான்.

இந்த மாதிரிப் படங்களுக்கெல்லாம் முன்னோடி லண்டனில் 1933-இல் வெளியானது. வரைந்த ஹாரி பெக், சிக்னல் பிரிவில் படம் வரைந்துகொண்டிருந்தவர். பாதைகளின் வளைவுகளை நிமிர்த்தினார், தூரத்தைத் தூக்கி எறிந்தார். நிறத்தை மட்டும் விடவில்லை. அதே லண்டனில் இன்று நிறமே இல்லாத படமும் கிடைக்கிறது. புள்ளிக்கோடு, பட்டைக்கோடு என்று பாதைக்கு ஒரு தினுசு. சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகிறவர்களுக்காக அந்த ஏற்பாடு. ரயில் ஓட்டப் போகிறவர்களை இஷிஹாராவின் புள்ளி எண்களைப் படிக்கச் சொல்லிச் சோதிக்கிறார்கள். ஆபீஸ் படத்தைப் பார்க்கிறவர் கண்ணை யார் சோதிக்கிறார்கள்?

என் அத்தை நிறத்துக்கே விரோதி. மார்கழியில் அவள் போடும் சிக்குக் கோலத்தில் அரிசிமாவு வெள்ளையைத் தவிர வேறெதுவும் விழக் கூடாது. எங்கள் ஊர்க் கோயிலில் அர்ச்சகர் நாமத்தை விலக்கி நரசிம்மரின் மூன்றாவது கண்ணைத் தீபத்தில் காட்டுவார். "சிக்குக் கோலம் பார்க்க அந்தக் கண்ணு வேணும்" என்பாள். எனக்கு அது இல்லை. அதனால் ஒரு பொங்கலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த கலர்ப்பொடியை எடுத்துக்கொண்டு, நாலு நேர்ப்புள்ளி நாலு வரிசைக் கோலத்தில் ஒரு கோட்டைப் பிடித்து மேலேயே ரோஸ் தூவிக்கொண்டு போனேன். சுற்றிவந்து முட்டிக்கொண்டது. பாதிக் கோலம்கூட நிறையவில்லை. அடுத்ததற்கு மஞ்சள், பிறகு பச்சை, பிறகு நீலம். ஒரே கம்பி என்று நான் நம்பியிருந்தது நாலு தனித்தனி வளையம்!

ஏதோ கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் அவளைக் கூப்பிட்டேன். அவள் நிறங்களைத்தான் முறைத்தாள். "நாலுக்கு நாலு போட்டா நாலுதான் வரும். இதுக்கு ஒரு பொடி வேறயா?" பக்கத்திலேயே நாலு வரிசையும் ஐந்தைந்து புள்ளியாக வைத்தாள். கை எடுக்காமல் ஒரே இழையில் முடித்தாள்.

வரிசை எத்தனை, வரிசைக்குப் புள்ளி எத்தனை என்ற இரண்டு எண்களுக்கும் பொதுவான மிகப் பெரிய வகுஎண் எவ்வளவோ அத்தனை இழை என்பது கணக்கு. அத்தைக்கு வகுஎண் தெரியாது. எங்கள் செங்கல்பட்டு லோக்கல் நிற்கிற தாம்பரத்தில், சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியுடனும் கமலா கிருதிவாசனுடனும் சேர்ந்து கோலத்துக்கு இலக்கணம் எழுதி 1974-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். அதைச் சொன்னபோது அத்தை, "அவங்க வீட்டு வாசல்ல யார் கோலம் போடுறா?" என்று மட்டும் விசாரித்தாள்.

ஆறு புள்ளி, நாலு வரிசை என்றால் இரண்டு இழை. நம்பாதவர்களுக்குக் கடையில் கலர்ப்பொடி கிடைக்கிறது.