யாரைக் கேட்டு?

எங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்கப்பட்ட சில கேள்விகளை ஆங்கிலத்தில் அப்படியே கேட்க முடியாது. அம்மா சீட்டுப் பணத்தில் தனக்கென்று முதன்முதலாக ஒரு புடவை எடுத்து வந்த அன்று அப்பா கேட்டார்: "இது எவன் வாங்கிக் குடுத்த புடவை?"

பெண்களின் வாழ்க்கைப் பேட்டிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என் தொழில். இதே கேள்வி வேறு வேறு ஊர்ப் பெண்களின் வாய்வழியே என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது. புடவைக்குப் பதில் செருப்பு, வளையல், போன். ஒவ்வொரு முறையும் அந்த 'எவன்' என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன்.

ஆங்கிலம் வினாச்சொல்லை வாக்கியத்தின் தலைக்கு இழுத்துக்கொண்டு போகிற மொழி. 'வாட் டிட் யூ பை?' என்று கேட்டால், பதிலில் வாங்கிய பொருள் கடைசியில் வரும். கேள்வி ஓரிடம், பதில் ஓரிடம். தமிழில் 'என்ன' இருந்த இடத்திலேயே வளையல் வந்து உட்கார்ந்துகொள்ளும்: நீ என்ன வாங்கினே? நான் வளையல் வாங்கினேன். சீனமும் ஜப்பானிய மொழியும் நம் கட்சி. பல்கேரிய மொழி 'யார் யாரைப் பார்த்தது' என்பதில் உள்ள இரண்டு வினாச்சொற்களையுமே முன்னால் தள்ளும். மேத்யூ டிரையர் என்ற மொழியியலாளர் 900க்கும் மேற்பட்ட மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். வினாச்சொல் முதலில்தான் வரவேண்டும் என்கிறவை அவற்றில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இழுக்கிற மொழிகளுக்கு ஒரு தொல்லை உண்டு. வாக்கியத்துக்குள் சில இடங்களிலிருந்து வினாச்சொல்லை வெளியே எடுக்க முடியாது. 1967இல் ஜான் ராபர்ட் ராஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் அந்த இடங்களுக்குத் தீவுகள் என்று பெயர் வைத்தார். 'எவன் வாங்கிக் குடுத்த புடவை' அப்படியொரு தீவு. அதற்குள்ளிருந்து 'எவன்' என்பதை ஆங்கில முறையில் முன்னால் இழுத்தால் வாக்கியமே உடைந்துவிடும். தமிழ் எதையும் இழுப்பதில்லை. எனவே இப்படிப்பட்ட தீவுக்குள்ளும் போய்க் கேள்வியை நட்டுவைக்கலாம்.

'ஹூ பாட் யூ திஸ் சாரி?' என்று நான் எழுதிவிட்டுப் போகலாம்தான். அது தோழி கேட்கும் கேள்வி. தமிழில் அதற்கு 'யார் வாங்கிக் குடுத்தா?' இருக்கிறது. அப்பாவின் கேள்வியிலோ, வாங்கிக் கொடுத்த ஒருவன் புடவைக்கு அடைமொழியாகவே ஆகிவிட்டான். பட்டுப் புடவை, நூல் புடவை என்பதுபோல. ஆண்பால் விகுதி வரை தீர்மானித்தாகிவிட்டது, ஆளின் பெயர்தான் பாக்கி. 'எவன்' இருந்த இடத்தில் அம்மா 'நான்' என்று வைத்தாலும் பொருந்தாது; தனக்குத் தானே ஒருத்தி 'வாங்கிக் கொடுக்க' முடியாதே. மொத்த வாக்கியத்தையும் கலைத்தால்தான் அவளுக்குப் பதில் உண்டு. அம்மா பேசாமல் புடவையை மடித்து வைத்தாள்.

"யார் குடுத்த தைரியத்துல பேசுறே?" என்பதும் இந்த இனம்தான். தைரியம் அவளுடையதாக இருக்க வாய்ப்பே இல்லை, யாரோ கொடுத்தது.

நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார். அதில் ஏவல் வினாவைப் படித்ததும் சிரித்துவிட்டேன். "காபி போட்டாச்சா?" ஏழாவதாக ஒன்றை, தீர்ப்பு எழுதிவிட்டுக் கேட்கும் வினாவை, அவர் சேர்த்திருக்கலாம்.

ஆனால் தமிழின் இந்த ஏற்பாட்டில் ஒரு வசதியும் இருக்கிறது. போன மாதம் மொழிபெயர்த்த பேட்டியில் ஒரு பெண் தன் மாமியாரோடு நடந்த பேச்சைச் சொல்கிறார்.

"யாரைக் கேட்டு வேலைக்குப் போனே?"

"என்னைக் கேட்டுத்தான் போனேன், அத்தே."

கேள்வியில் எதையும் கலைக்கவில்லை அவர். 'கேட்டு' அப்படியே, 'போ' என்ற வினை அப்படியே, வேற்றுமை உருபான 'ஐ'கூட அப்படியே. 'யார்' இருந்த இடத்தில் 'தான்' என்ற அழுத்தத்தோடு போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு மாமியார் கேட்பதற்கு அந்த வாக்கியத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

'வித் ஹூஸ் பர்மிஷன்?' 'மைன்.' இப்படி எழுதினால் ஆங்கிலத்தில் கச்சிதமாக இருக்கும். பதிப்பாசிரியர் அதைத்தான் விரும்புகிறார். ஆனால் அனுமதி என்பது ஒரு நொடியில் கொடுத்துவிடுகிற விஷயம். அந்தப் பெண் மூன்று இரவுகள் தன்னைக் கேட்டிருக்கிறார்: பிள்ளையை யார் பார்ப்பது, பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும், அவர் அடித்தால் என்ன செய்வது. பேட்டியின் அடுத்த பக்கம் முழுக்க அதுதான். கேட்பது என்ற வினைச்சொல் போய்விட்டால் அந்தப் பக்கம் எதன் தொடர்ச்சி என்றே தெரியாது.

'ஐ ஆஸ்க்ட் மீ' என்று எழுதி அனுப்பினேன். 'மைசெல்ஃப்' என்று சிவப்பு மையில் திருத்தி வந்திருக்கிறது. இலக்கணப்படி அதுதான் சரி. 'மீ' இருக்கட்டும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.