ஆட்டுக்கு வேலி போட்ட செலவு

எங்கள் ஊர் மின் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் தீயணைப்பு நிலையத்தில் நடக்கும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மடக்கு நாற்காலிகளைப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊர் என்று நான் சொல்வது, தென்மேற்கு ஜெர்மனியில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றை. பள்ளிக்கூடக் கூரையிலும் ஊர்க்கோடி வயலிலும் இருக்கும் சூரியத் தகடுகள் பங்கு போட்ட ஊர்க்காரர்களுக்குச் சொந்தம். ஐநூறு யூரோ கட்டிய எனக்கும், அதைப்போல பல மடங்கு போட்டிருக்கும் பல் டாக்டருக்கும் ஓட்டு ஆளுக்கு ஒன்றுதான்.

போன கூட்டத்தில் பெரிய தகராறு, தகடுகளுக்கு அடியில் மேயும் ஆடுகளுக்கு வேலி போட்ட பில்லில் வந்தது. பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது ஒரு பாட்டி கையைத் தூக்கி, "முந்தின வருஷமும் வேலி போட்டீர்களே, அது எங்கே?" என்றார். பழைய வேலியின் கம்பி தரமில்லை என்றார் பொருளாளர். தரமில்லாத கம்பியை வாங்கியது யார் என்றார் பாட்டி. பெரும்பாலான நேரம் அதிலேயே ஓடியது. லாபப் பங்கு எத்தனை சதவீதம் என்ற பேச்சு பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் கடத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்தவனுக்கு இது அறிமுகமான சண்டைதான். எங்களுடையது கூட்டுக் கிணறு. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் முறை வைத்துத் தண்ணீர். மோட்டார் காயில் எரிந்தால், எரிந்தது யார் முறையில், காயில் கட்டும் கூலியை யார் கொடுப்பது என்று வரப்பிலேயே பஞ்சாயத்து நடக்கும். சேர்ந்து வாழும் பண்பு ஐரோப்பியரிடம் நிறைய, நம்மிடம் குறைவு என்ற பேச்சை நான் நம்புவதில்லை. இங்கே சண்டை மினிட் புத்தகத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு, ஜெர்மன் சட்டப்படி ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் ஒரு தணிக்கை அமைப்பில் உறுப்பினராக இருந்தே ஆகவேண்டும். பாட்டி கேட்க மறந்ததை ஆடிட்டர் கேட்பார்.

எங்கள் ஊருக்குத் தூரமில்லாத ஷோனாவ் இந்த விஷயத்தில் பெயர் பெற்ற இடம். சுமார் 2,500 பேர் இருக்கும் கருங்காட்டு ஊர். 1986-ல் செர்னோபில் வெடித்தபின், அணுமின்சாரம் வேண்டாம் என்று மிஷாயெல் ஸ்லாடெக் என்ற மருத்துவரும் அவர் மனைவி உர்சுலாவும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினார்கள். மின் கம்பெனி மசியவில்லை. அப்படியானால் மின்கம்பிகளையே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். 1991-லும் 1996-லும் ஊர் முழுக்க ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டிலும் அவர்கள் ஜெயித்தது சொற்ப வித்தியாசத்தில். கம்பெனி யானை விலை சொல்லியது. நாடு முழுக்க நன்கொடை திரட்டி 1997-ல் கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றையும் கையில் எடுத்தார்கள். உர்சுலாவுக்கு 2011-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. ஊரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் எதிர்த்து ஓட்டுப் போட்ட கதையைப் பாராட்டுரைகளில் யாரும் சொல்வதில்லை. எனக்கென்னவோ அதுதான் கதையிலேயே முக்கியம்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் சித்தப்பாவிடம் அளந்துகொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி கண்ணு, நமக்கு கரண்டே சும்மா வருதே. சும்மா வர்றதுக்கு எவன் பங்கு போடுவான்?" என்றார்.

சரியான கேள்வி. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லோருக்கும் வந்தது. அதற்கு முன்னால் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு காலத்தில் நடந்த போராட்டங்களில் உயிர்களே போயிருக்கின்றன. ரத்தம் கொடுத்து வாங்கியதை விட்டுக்கொடு என்று ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் இலவசம் என்பதால் கணக்குக் கேட்கும் உரிமையும் போய்விட்டது. மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்தால், டார்ச் லைட்டோடு கிணற்றடிக்குப் போக வேண்டியதுதான்.

இந்த முடிச்சை குஜராத்தில் ஒருவிதமாக அவிழ்த்திருக்கிறார்கள். கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் 2016-ல் ஆறு விவசாயிகள் சூரிய பம்புசெட்டுகளை ஒரே கூட்டுறவாக இணைத்தார்கள். பாய்ச்சலுக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின் கம்பெனி யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு வாங்கிக்கொள்ள ஒப்பந்தம். மோட்டாரை நிறுத்தினால் காசு என்றானபின் தண்ணீரை வீணாக இறைக்க யாருக்கு மனசு வரும்? ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கும் எங்கள் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, தலைவர் சண்முகம் காலத்தில், 2006-ல் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. அது நிற்பது ஓடந்துறையில் அல்ல, காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம். ஊர்க்காரர்களுக்கு அதன் சத்தம்கூடக் கேட்காது. ஆனால் ஊராட்சியின் மின் கட்டணத்தைச் சரிக்கட்டி, மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று, கடனையும் அடைத்தது.

கோவை, திருப்பூர் மில்காரர்களோ இதை ஊராட்சிகளைவிட நன்றாகவே அறிவார்கள். 2005 மின்சார விதிகளின்படி, உபயோகிப்பவர்கள் 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் அது சொந்த மின்நிலையம். பல மில்கள் சேர்ந்து காற்றாலையில் பங்கு வைத்திருப்பது இந்த வழியில்தான். அதே விதியில் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்துக்கும் இடம் இருக்கிறது. கடத்தூர்க் கடைவீதியில் வணிகக் கட்டணம் கட்டி நொந்துபோகிறவர்களுக்கு அந்த வரியை யாரும் படித்துக் காட்டியதாகத் தெரியவில்லை. 2024-ல் வந்த மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நல்லதுதான், ஆனால் அது சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு. வாடகைக்கு இருப்பவரும் ஓட்டு வீட்டுக்காரரும் எங்கே தகடு மாட்டுவார்கள்? டில்லியில் ஒரே சூரிய நிலையத்தின் யூனிட்டுகளைப் பல வீட்டு பில்களில் கழிக்க 2019-லேயே வழி செய்துவிட்டார்கள்.

ஒரு விஷயம் எனக்கு இங்கே வந்தபின்தான் தெரிந்தது. நகைக் கடனுக்கும் யூரியாவுக்கும் நாம் வரிசையில் நிற்கும் கூட்டுறவுச் சங்கத்தின் பூர்வீகமே ஜெர்மனிதான். சென்னை மாகாண அதிகாரி ஃபிரடெரிக் நிக்கல்சன் 1890-களில் ஐரோப்பா வந்து, ரைஃபைசன் என்ற ஜெர்மன் மேயர் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்துவிட்டு, இதுவே நமக்கும் ஏற்றது என்று அறிக்கை எழுதினார். 1904-ல் சட்டம் வந்தது. இங்கே அது உறுப்பினர்களின் சொத்தாகவே தங்கிவிட்டது. நம்மூரில் சர்க்கார் ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது; தேர்தல் தள்ளிப்போனால் தனி அலுவலர் வந்து உட்காருவார். மின்சாரத்துக்குப் புதிதாகச் சங்கம் வைத்தால் முதலில் பார்க்க வேண்டியது தகட்டின் வாட்டை அல்ல, ஆண்டுக் கூட்டத் தேதியை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு சித்தப்பா கேட்டது லாபத்தைப் பற்றி இல்லை. "நடுவுல ஒருத்தன் எனக்கு வேணாம், பங்கைப் பிரிச்சுக் குடுன்னு நின்னா?" முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், கெடு முடிந்து கணக்குப் பார்த்தபின் போட்ட பணத்தைத் திருப்புவார்கள், தகட்டைக் கழற்றிக் கேட்க முடியாது என்றேன்.

"அதை மொதல்ல சொல்லியிருக்கலாமில்ல" என்றார். பிறகு, பஜாரில் உரக்கடை வைத்திருக்கும் மாமாவுக்கு மாசம் எவ்வளவு கரண்ட் பில் வருகிறது என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.