பாம்பன் காற்றும் பித்தளைக் குமிழும்

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரையில் ரஸ்தாவின் இருபுறமும் பனையும் உடைமரமுந்தான். அப்பால் கடல். ரயில் பாலம் 1914-லேயே வந்துவிட்டதெனினும், பாம்பன் கால்வாயை மோட்டார் வண்டிகள் தம் சக்கரங்களாலேயே கடக்கலானது 1988-ல்தான்.

இங்கே வீசும் உப்புக் காற்று இரும்புக்குப் பரம சத்துரு. நாம் சென்றதோ பழைய புல்லட் மோட்டார் சைக்கிள். 1955-ல் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனியின் ஆதிநாட் சரக்கு. அதன் கைப்பிடியிலுள்ள நெம்புகோலிலிருந்து ஆமல் கார்புரேட்டருக்கு ஒரு கேபிள் இறங்குகிறது. அது இழுத்தால், உள்ளேயிருக்கும் தகடு உயர்ந்து காற்றுக்கு வழிவிடும். தளர்ந்தால், ஸ்பிரிங் தகட்டைக் கீழே தள்ளிக் காற்றைக் குறைக்கும்; குளிர்ந்த இஞ்சின் கிளம்ப அதுவே தேவை. மண்டபத்தருகே துருவேறிய கேபிள் அறுந்தது. உடனே தகடு விழுந்து காற்றை அடைக்க, வண்டி கரும்புகை கக்கி நின்றுவிட்டது.

படகு இஞ்சின்களில் கைபழகிய மெக்கானிக் ஒருவர், "வேறு கேபிள் போட்டாலும் துருத்தான் ஏறும், ஐயா. குமிழ் வைத்துவிடுகிறேன்" என்றார். பித்தளைக் கம்பியொன்றைத் தகட்டில் பொருத்தி, மூடியின் துவாரத்தின் வழியே மேலே கொணர்ந்து, நுனியில் குமிழைத் திருகினார். தூக்கிய குமிழ் இறங்காதிருக்க ஒரு சிறு கவ்வி. பெட்ரோல் தொட்டியில் இடித்ததால் கம்பியை இருமுறை அறுத்துக் குறைத்தார். பழைய கார்களில் குமிழை இழுத்தால் சோக் விழும்; இதில் இழுத்தால் விலகும்! ஓடும்போது குனிய வேண்டியிருப்பது அசௌகரியமே. கைப்பிடி நெம்புகோலின் கம்பீரம் இதற்கில்லை.

மறுநாள் விடியலில் இராமேசுவரத்தில் குமிழை அமுக்கி உதைத்தோம். இரண்டாம் உதையில் இஞ்சின் முழங்கிற்று. 1964-ஆம் ஆண்டுப் புயல் அழித்த தனுஷ்கோடியைத் தாண்டி, 2017-ல் திறந்த சாலையில் அரிச்சல்முனை வரை சென்றோம்.