கால்ல எதுக்கு பிரஷர்?

உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு லேப். சனிக்கிழமை காலை. வெறும் வயிற்றோடு மல்லாந்து படுத்திருந்தேன். வெள்ளைக் கோட்டுப் பையன் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தான். முடிந்ததாக்கும் என்று எழுந்தால், “படுங்க சார். பேன்ட்டைக் கொஞ்சம் மேல ஏத்துங்க” என்றான்.

“கால்ல எதுக்குப்பா பிரஷர்?”

“ஏன் சார், காலும் உங்களுதுதானே?”

பதில் சொல்ல முடியவில்லை. கணுக்காலுக்கு மேலே பட்டை. பாதத்தில் ஜில்லென்று ஜெல். பேனா சைஸில் ஒரு டாப்ளர் கருவியை வைத்ததும் ‘உஷ்... உஷ்...’ என்று சத்தம். என் ரத்தம் ஓடுவதை அன்றுதான் முதன்முதலாகக் காதால் கேட்டேன்.

கணக்கு சுலபம். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுக்க வேண்டும். ஒன்றை ஒட்டி வந்தால் நிம்மதி. 0.9-க்குக் கீழே போனால், கால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது. 1.4-ஐத் தாண்டினாலும் துள்ளிக் குதிக்கக் கூடாது. குழாய் விறைத்துப் போயிருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு அதுவும் உண்டு.

எனக்குச் சர்க்கரை வந்து மூன்று வருஷம். டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மகா உத்தமனாக இருப்பேன். ரிப்போர்ட்டில் 118 என்று பார்த்ததும் நேரே பாண்டி பஜார், ஒரு கேசரி! பி.காம். படித்தவன் செய்கிற காரியமா இது? சாயங்காலம் கல்லாவை எண்ணி மகிழ்ந்துவிட்டு, மெஷின் தேய்மானத்தை மறந்த முதலாளி கதைதான். சர்க்கரை அளவு அன்றைய கல்லா. ரத்தக் குழாய்தான் மெஷின்.

அப்பாவும் கல்லாவை மட்டுமே எண்ணியவர். ஒருநாள் புதுச் செருப்பு கடித்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. அதுதான் வினை. நரம்பு மரத்து, ரத்த ஓட்டமும் குறைந்திருந்த கால். புண் ஆறவில்லை. கட்டை விரலை எடுத்தார்கள். வலித்திருந்தால் அந்த விரல் பிழைத்திருக்கும்.

இந்த விஷயத்தில் நம் தி.நகருக்கு ஒரு பெருமை உண்டு. 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் வி.மோகன் குழுவினர், தி.நகர் பாரதி நகரிலும் திருமங்கலத்திலும் 1,262 பேரைச் சோதித்தார்கள். 2000-ல் முடிவுகள் வெளிவந்தன. கால் குழாய் அடைப்பு, சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. இல்லாதவர்களில் மூன்று பேருக்கும் குறைவு. கழுத்து ரத்தக் குழாயின் சுவரையும் ஸ்கேனில் அளந்தார்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்குச் சராசரி 0.74 மில்லிமீட்டர், உள்ளவர்களுக்கு 0.95. மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அங்கேதான் பிள்ளையார் சுழி.

இன்னொரு சோதனை சுவாரசியமானது. கையை ஐந்து நிமிஷம் பட்டையால் இறுக்கிவிட்டுச் சட்டென்று விடுவார்கள். மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் ரங்கநாதன் தெருவுக்குள் கூட்டம் பாயுமே, அப்படி ரத்தம் பாயும். தெரு அகலாது. நல்ல ரத்தக் குழாய் அகன்று கொடுக்கும். சர்க்கரையால் உள்சுவர் கெட்டிருந்தால் அவ்வளவாக அகலாது. இது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடச் சமாசாரம். நமக்குக் கால் பிரஷர், கண்ணின் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், பாதப் பரிசோதனை போதும். விழித்திரையில்தான் ரத்தக் குழாயை வெட்டாமல் குத்தாமல் நேரில் பார்க்கலாம்.

என் ரிப்போர்ட் வந்தது. கால் 1.05. கண் சுத்தம். மீசையை முறுக்கியபடி அடுத்த தாளைத் திருப்பினேன். சிறுநீரில் ஆல்புமின் 42. முப்பதுக்குள் இருக்க வேண்டும்.

“பயப்படாதீங்க” என்றார் டாக்டர். “ஜுரம் இருந்தாக்கூட ஏறும். மறுபடி ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் முடிவு. சிறுநீரகத்தோட சின்னக் குழாய்ங்க கசிய ஆரம்பிச்சிருந்தாலும், இந்தக் கட்டத்துல தடுத்து நிறுத்தலாம். கிரியாட்டினின் ஏறின பிறகு வந்திருந்தா கஷ்டம்.”

வீட்டில் ரிப்போர்ட்டை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார்.

“எனக்கு ஏண்டா யாரும் கால்ல பிரஷர் பார்க்கலை?”

பதில் தெரியவில்லை. மறுநாள் காலை பனகல் பார்க்கில் நான்கு சுற்று நடந்தேன். பாண்டி பஜார் பக்கத்து கேட் வழியாக வெளியே வரவில்லை.