லயத்து அறையில் இரசாயனம்

பகலெல்லாம் தோட்டப் பாடசாலையில் கற்பித்துவிட்டு, இரவில் லயத்து அறையில் எல்லாரும் உறங்கிய பின்னர் இரசாயன நூலை விரிக்கும் என்னைப் போன்றோர்க்கு, 1980ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பெரும் அனுகூலம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சரித்திரத்தை நூல்களைக்கொண்டே பயின்றுவிடலாம். அளவியின் திருகைப் பற்றியபடி, பினோப்தலீன் இளஞ்சிவப்பாகும் அந்த ஒற்றைத் துளியில் கையை நிறுத்தும் சாமர்த்தியத்தை எந்த நூலும் போதிப்பதில்லையாதலால், அதற்கு விடியற்குளிரில் ஹட்டனில் பஸ் ஏறிக் கண்டியிலுள்ள ஆய்வுகூடத்துக்குத்தான் போகவேண்டும்.

வேடிக்கை யாதெனில், எங்கள் லயத்துக்கு மேலே நிற்கும் தேயிலைத் தொழிற்சாலையே ஒரு மகா ஆய்வுகூடம். வாடிய கொழுந்து உருளையில் நசுங்கியதும், இலையிலுள்ள நொதியம், காற்றின் ஒட்சிசனைத் துணைகொண்டு, கட்டெக்கின்களைத் தியாபிளேவின், தியாரூபிஜின் என்னும் நிறப்பொருள்களாக மாற்றத் தொடங்குகிறது. உலர்த்தியின் வெப்பம் நொதியத்தை அழிக்க, அத்தாக்கம் நின்றுவிடுகிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் காலங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்விஷயத்தை, அத்தொழிற்சாலையிலேயே வேலைசெய்யும் அம்மாவிடம் மிக்க உற்சாகத்தோடு விவரித்தேன்.

"வாசம் திரும்புறத வச்சே டீமேக்கர் ஐயா சொல்லிருவாரு. அதுக்கு எதுக்கு புள்ள இம்புட்டுப் படிப்பு?" என்றார்.

டீமேக்கர் ஐயாவின் மூக்கில் எனக்குப் பரிபூரண நம்பிக்கை உண்டு. பரீட்சையிலோ தாக்கப் பொறிமுறையை அல்லவா கேட்கிறார்கள்!