முறிகண்டி வழியே

வவுனியாவைக் கடந்து வடக்கே செல்லும் ஏ-9 வீதியில் அண்மையில் காரிற் பிரயாணஞ் செய்தோம். செலுத்தியவன் எம் மருகன். 18 வயது நிரம்பிச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று ஒரு திங்களே ஆகியிருந்தது. பின் ஆசனத்திலிருந்த அவன் தாயார் ஓமந்தை தாண்டும்வரை வாய் திறந்திலர்.

கண்டி வீதியிற் கடுகண்ணாவ மலைவளைவுகளைக் கண்டு அஞ்சுவோர் பலர். புதுச் சாரதிக்கு அவற்றினும் பொல்லாதது காட்டினூடே நீண்டு கிடக்கும் இந்த நேர்வீதியே என்பது எமது துணிபு. வளைவு தானே எச்சரிக்கும், நேர்வீதியோ தாலாட்டும். கார்களுக்கு இங்கு விதித்த எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அஃதாவது விநாடிக்கு 19 மீற்றருக்கு மேல். ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கை நாடுமுன்பே அத்தூரம் கழிந்துவிடும். கார் நிற்பதற்கு வேண்டிய தூரம் அதற்கப்பாலேதான் தொடங்குகிறது.

கனகராயன்குளத்துக்கு அப்பால் ஒரு பசு குறுக்கிட்டது. மருகன் காரை மெல்ல நிறுத்தினான். பசு போய்விட்டது, அவன் நகரவில்லை.

"ஏன் தம்பி நிற்கிறாய்?" என்றோம்.

"பின்னாலை கண்டு வரும், மாமா."

வந்தது! ஊரிற் பசு வளர்த்த வீட்டுப்பிள்ளை. இதனை எந்தச் சாரதிப் பயிற்சிப் பாடசாலை கற்பித்திருக்கும்?

முறிகண்டியிற் பிள்ளையாரை வணங்காது செல்லும் சாரதிகள் அரியர். நாமும் இறங்கினோம். பக்தி ஒருபுறமிருக்க, அயர்ந்த கண்ணுக்கு அந்தத் தரிப்பு நல்ல மருந்து. மருகன் முகங்கழுவி, கச்சான் கொறித்து, சற்றே நடந்து வந்தான்.

"இருளமுன் ஆனையிறவைக் கடக்கலாமே" என்று அவசரப்பட்டவர் நாமல்லர், அவன் தாயார்!

அவனோ ஆசனப்பட்டியை மாட்டி, கண்ணாடிகளை ஒருமுறை சரிபார்த்து, "ஆறுதலாய்ப் போவம், அம்மா" என்றான்.